சுத்தளவு நாப்பது

...அப்ப எனக்கு மரியாத இல்லயா சார்? மரத்துக்கு நகராட்சிக்காரன் நம்பர் குடுத்திருக்கான். நானூத்திப் பதினேழு! நாப்பது வருஷமா இந்தத் தெருவுல தைக்கிறேன், எனக்கு ஒரு நம்பர் உண்டா? வாசல்ல நிக்குதே, அதுக்கு உண்டு. உள்ள வரும்போது பாத்திருப்பீங்களே, மஞ்சத் தகடு... நிமிந்து நில்லுங்க சார், கூன் போடாதீங்க. கூன் போட்டா அளவு கொறையும், அப்புறம் சட்ட மேல ஏறுதுன்னு என்கிட்டதான் வருவீங்க. ஆங்... அப்படித்தான். சோல்டர் பதினெட்டு.

அந்தத் தகட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா? படிக்கலயா? 'பாதுகாக்கப்பட்ட மரம். இதில் ஆணி அடிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.' சரி. அத எப்படி மாட்டுனான் தெரியுமா? நாலு ஆணி சார்! நாலு மூலைக்கு நாலு ஆணி, சுத்தியலத் தூக்கி ணங்கு ணங்குன்னு அடிச்சான். ஐயா, இப்ப யார தண்டிப்பீங்கன்னு கேட்டேன். அது வேற செக்‌ஷனாம். மொறச்சுட்டு வேற போறான்.

கைய மடக்குங்க. முழுக்கையா, அரக்கையா? முழுக்கை. சரி.

நீங்க ஊருக்குப் புதுசுல்ல? மூணாவது தெரு மாடி வீடுதான? வாடகைக்கா? தப்பிச்சீங்க போங்க. சொந்த வீடு இருக்குறவன் பாடுதான் இங்க நாய்ப் பாடு. இந்தத் தெரு இத்தன நாளா குடியிருப்புப் பகுதி சார். கட வெக்கக் கூடாது, ஒரு மாடிக்கு மேல கட்டக் கூடாது... என்ன? அப்ப என் கட எப்படியா? இது கட இல்ல சார், வீட்டோட முன்ரூம். போர்டா? அது... அது பேர்ப் பலக. வீட்டுக்கு வீடு பேர்ப் பலக இருக்குல்ல, அது மாதிரி. 'அளவு தப்பாது'ன்னு சும்மா ஒரு வாசகம் போட்டிருக்கேன். எல்லாத்தையும் துருவித் துருவிக் கேப்பீங்க போல இருக்கே!

போன வருஷம் சட்டத்த மாத்துனாங்க. இனிமே இது கலப்புப் பகுதியாம். கீழ கட வெக்கலாம், மேல மூணு மாடி கட்டலாம். ஒரு பேப்பர், ஒரு சீல், அவ்வளவுதான். அது வரைக்கும் கூடாதுன்னு இருந்ததெல்லாம் மறுநாள் காலையில இருந்து கூடும்.

எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர்தான்... பல் டாக்டர். பாத்திருப்பீங்க, வெள்ள கார், வெள்ள கேட், வெள்ளச் சிரிப்பு. சட்டம் மாறின மறுநாளே இஞ்சினியரக் கூட்டிட்டு வந்துட்டாரு. மேல பாக்குறாரு, கீழ பாக்குறாரு, என் செவுத்து மேல கைய வெச்சுக்கிட்டு ஏதோ சொல்றாரு. விசாரிச்சா, மூணு மாடி ஆஸ்பத்திரியாம்! வாய்க்குள்ள பாக்குறதுக்கு எதுக்கு சார் மூணு மாடி? எவனுக்கும் முப்பத்திரெண்டு பல்லுக்கு மேல கெடயாது. மேல்பல்லுக்கு ஒரு மாடி, கீழ்ப்பல்லுக்கு ஒரு மாடின்னு வெச்சாக் கூட ரெண்டுதான ஆவுது!

இந்தப் பக்கம் திரும்புங்க. இந்த ஜன்னலப் பாருங்க. இந்த மெஷின் இங்கதான் கெடக்கு, நாப்பது வருஷமா. காலையில ஒம்பது மணியில இருந்து நாலு மணி வரைக்கும் இந்த ஜன்னல் வெளிச்சம் எனக்கு. கறுப்புத் துணியில கறுப்பு நூல் போடணும்னா ட்யூப்லைட்டு ஆவாது சார், வெயில் வேணும். அங்க மூணு மாடி எந்திரிச்சா இங்க எனக்கு இருட்டு. நான் என்ன தடவித் தடவியா தைக்கிறது?

அதனாலதான் புதுச் சட்டத்தப் பத்திக் கருத்துக் கேக்குற கூட்டத்துக்குப் போனேன். நகராட்சி ஹால்ல வெச்சிருந்தாங்க. கெழவன் ஜன்னலுக்கு வெளிச்சம் வேணும்னு எந்திரிச்சு சொன்னா எவன் கேப்பான்? சிரிப்பான். அதான் மரத்தப் பத்திப் பேசுனேன்.

உண்மையச் சொல்றேன் சார், அது வரைக்கும் அந்த மரத்த நான் ஏறெடுத்துப் பாத்ததே இல்ல. துணி காயப் போட ஒரு கம்பி கட்டியிருந்தேன். எல கூட்டும்போது நாலு வார்த்த திட்டுவேன். அவ்வளவுதான் எங்களுக்குள்ள பழக்கம். ஆனா மைக்கப் புடிச்சேன் பாருங்க... எங்கேருந்துதான் வந்துச்சோ! 'மரம் நமக்கு மூச்சு! மூச்சு விட எடம் இல்லாத ஊரு ஒரு ஊரா?'ன்னு கேட்டேன். கைத்தட்டல் அடங்கவே இல்ல. பின் வரிசையில ஒரு அம்மா முந்தானையால கண்ணத் தொடைக்கிறாங்க. நான் ஜன்னல நெனச்சுப் பேசுறேன், அவங்க மூச்ச நெனச்சு அழுவுறாங்க. நகராட்சித் தலைவரு எந்திரிச்சு வந்து கைகுடுத்தாரு. அடுத்த கூட்டத்துல சட்டத்துல ஒரு தனிப் பிரிவே சேத்துட்டாங்க, மரப் பாதுகாப்புப் பிரிவு.

...இல்லல்ல, என்னாலன்னு நான் எங்க சொன்னேன்? பல பேரு பேசுனாங்க சார். நானும் பேசுனேன். நான் கொஞ்சம் சத்தமாப் பேசுனேன், அவ்வளவுதான்.

மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க. நெஞ்சு... நாப்பத்தொண்ணர. என்ன? நாப்பதா? யார் சொன்னது? பழைய டெய்லரா? அவன் டேப்ப இழுத்துக் கட்டி அளந்திருப்பான். அப்படி அளந்தா பட்டன் தெறிச்சு எதிர்ல இருக்குறவன் கண்ணுலதான் விழும். நான் அளந்தா அளந்ததுதான் சார். நாப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு ஆல்ட்ரேஷன் வந்ததில்ல. ஒரே ஒரு தடவ கோடி வீட்டம்மா ஜாக்கெட்டத் தூக்கிட்டு வந்தாங்க, இறுக்குதுன்னு. அது அவங்க ஒடம்பு செஞ்ச தப்பு, என் டேப்பு செஞ்ச தப்பு இல்ல. அவங்ககிட்டயே சொல்லிட்டேன். அதுல இருந்து அவங்க வர்றதில்ல.

எங்க விட்டேன்? ஆங், சட்டம். என்ன சட்டம்னா, நெஞ்சு ஒசரத்துல மரத்தோட சுத்தளவு நாப்பது இஞ்ச் இருந்தா அது பாதுகாக்கப்பட்ட மரம். யார் நெஞ்சு ஒசரத்துலன்னு கேட்டேன். அது விதியில இல்லயாம். தலைவரு ஆறடி, இதுக்குன்னு புதுசாப் போட்ட மரக்காவல் அதிகாரி அஞ்சடியே சந்தேகம். சரி விடுங்க. நாப்பது இஞ்ச் இருந்தா, அந்த மரத்தச் சுத்திப் பன்னெண்டடிக்கு யாரும் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. வட்டமா பன்னெண்டடி, யார் எடமா இருந்தாலும்! எந்த மரம்னு யாரு வேணா படிவம் எழுதிக் குடுக்கலாம்.

எனக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடே எறங்கல, சந்தோஷத்துல. ஏன்னா நம்ம மரம் மதில் பக்கத்துல நிக்குது. பன்னெண்டடி வட்டம் போட்டா டாக்டர் பக்கம் பாதி போயிரும்ல? விடிஞ்சதும் டேப்ப எடுத்துட்டுப் போயி நானே அளந்தேன். நாப்பது! ஒரு நூல் கூடல, ஒரு நூல் கொறையல. சட்டம் நாப்பது, மரம் நாப்பது. அளவு குடுத்துத் தச்சு வாங்குன மாதிரி! அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன்.

...ஆமா சார், நான்தான் குடுத்தேன். அதுல என்ன இருக்கு? மரத்தக் காப்பாத்துறது தப்பா?

அதுக்கப்புறம் அந்த அதிகாரி வந்தாரு. அதுக்கு மொத மாசம் வரைக்கும் பொறப்பு இறப்பு செக்‌ஷன்ல சர்ட்டிபிகேட் குடுத்துட்டு இருந்தவரு. மரம்னா எல பச்சையா இருக்கும்ங்குற வரைக்கும் தெரியும். படிவத்துல 'இனம்'னு ஒரு கட்டம். என்ன மரம்னு என்னக் கேக்குறாரு, நான் அவரக் கேக்குறேன். பத்து நிமிஷம் ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்துட்டு நின்னோம். கடைசியில 'மற்றவை'ன்னு எழுதிட்டாரு. அளக்கணுமேன்னு பைக்குள்ள கைய விட்டாரு, டேப்ப ஆபீஸ்லயே மறந்துட்டாராம். என் பலகையப் பாத்தாரு. 'அளவு தப்பாது'. அட, நீங்க டெய்லரா, உங்களுக்கு மேல நான் என்ன அளக்கப் போறேன்னு சொல்லிட்டு நாப்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சுங்குறீங்க!

இப்ப வேடிக்கையக் கேளுங்க. டாக்டர் கத்துவாரு, அழுவாரு, என் வாசல்ல வந்து நிப்பாருன்னு நான் காத்துக் கெடக்கேன். வந்தாரு சார். வந்து ரெண்டு கையாலயும் என் கையப் புடிச்சுக்கிட்டு, ரொம்ப நன்றிங்குறாரு! என்னன்னு பாத்தா, அந்தச் சட்டத்துல அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. பாதுகாக்கப்பட்ட மரத்துக்காக எடம் விட்டுக் கட்டுறவங்களுக்கு ஒரு மாடி கூடுதலாத் தரப்படும்! அவருக்குப் பின்னாடி காலி எடம் கெடக்கு. கட்டடத்த அங்க நகத்திட்டாரு, மரத்தடியில கார் நிறுத்த எடம். இப்ப நாலு மாடி! மூணு மாடிய நிறுத்தப் போயி நாலு மாடி வாங்கிக் குடுத்திருக்கேன். பின்னாடி போனா மட்டும் வெளிச்சம் வந்துருமா? நாலு மணி வெயிலு அந்தப் பக்கத்துல இருந்துதான் வருது.

தெனம் காலையில மதில் மேல ஓஸ் பைப்பப் போட்டு என் மரத்துக்கு அவரு தண்ணி ஊத்துறாரு சார்! என் மரத்துக்கு! பட்டுப் போச்சுன்னா அவரு மாடி போயிரும்ல? பல்லக் காட்டிக்கிட்டே ஊத்துறாரு.

பேன்ட் நீளம் எடுக்கணும், காலச் சேத்து வைங்க. ஷூவோட இருக்கட்டும். நாப்பது... என்னமோ எல்லாம் நாப்பதாவே வருது இன்னிக்கு.

இதெல்லாம் கூடப் போவட்டும் சார். என் பொண்ணு விஷயம்தான்... அதத்தான் என்னால தாங்க முடியல.

ஒரே பொண்ணு. பெரிய ஊர்ல ரெடிமேட் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். அம்பது பேரு அவ கோடு போட்டுக் குடுத்தாத்தான் கத்திரியவே எடுப்பாங்க. இந்த மேஜைக்கு அடியில உக்காந்து வெட்டுத்துணியில பொம்மைக்குச் சட்ட தச்சவ. அவ அம்மா போயி மூணு வருஷம் ஆச்சு. அதுல இருந்து அப்பா, நான் வந்துர்றேன், வந்துர்றேன்னு சொல்லிட்டே இருக்கா. வாசல்ல ஒரு ரூம் கட்டி நாலு மெஷின் போடுறேன், மாப்பிள்ளைக்கும் இந்த ஊர்லயே வேல பாத்தாச்சு, பேத்திய இங்க ஸ்கூல்ல சேத்துரலாம்ங்குறா. இப்பதான் கட வெக்கலாம்னு சட்டம் வந்துருச்சே! இந்த வீட்டுல பேச்சுச் சத்தம் கேட்டு மூணு வருஷம் ஆவுது சார். மெஷின் சத்தம் மட்டும்தான். அதான் யாராவது அளவு குடுக்க வந்தா நான் கொஞ்சம்... பேசிருவேன். உங்களுக்கு நேரமாவுதா? ஆவலல்ல?

அவளே பிளான் போட்டுக் கொண்டு வந்தா. மரத்துல கைய வெக்கல. அது பாட்டுக்கு நிக்கட்டும்பா, ஏழடி தள்ளிக் கட்டிக்கலாம்னா. கொண்டு போயி குடுத்தேன். அந்த அதிகாரி என்ன பண்ணாரு? கவராயத்த எடுத்தாரு, மரத்து மேல முள்ள வெச்சாரு, செவப்பு மையில ஒரு வட்டம் போட்டாரு. என் வாசல் முழுக்க வட்டத்துக்குள்ள! படிக்கட்டு வரைக்கும்! நான் டாக்டர் பக்கத்து வட்டத்தையே நெனச்சுட்டு இருந்தேன் சார். வட்டம்னா ரெண்டு பக்கமும்தான் போகும்னு... சிரிக்காதீங்க. டெய்லர்தான், தெரியும். எத்தன பாவாட வெட்டியிருக்கேன், வட்டம் தெரியாதா? அந்த நேரத்துல தோணல. ஆத்திரத்துல இருக்கும்போது வட்டம் கூட ஒரு பக்கமாத்தான் தெரியுது.

மகளே, வராதே, அப்பா வாசல அப்பாவே அடைச்சுட்டேன்னு நான் எப்படிச் சொல்வேன்?

அவ கம்பெனியில இன்னும் தூரத்துல ஒரு கிளைய ஆரம்பிக்கிறாங்களாம். மூணு வருஷம் அங்க இருக்கணும். திங்கக்கெழம கையெழுத்துப் போடணுமாம். வாசல்ல ரூம் கெடச்சா போட மாட்டா. கெடைக்கலன்னா போட்டுருவா. மூணு வருஷம் சார். என் வயசுக்கு மூணு வருஷம்னா சும்மாவா?

இந்த மர லிஸ்டுக்கு ஆட்சேபண சொல்லணும்னா இன்னிக்குத்தான் கடைசி. அஞ்சு மணி வரைக்கும் வாங்குவாங்க. எழுதி வெச்சுட்டேன், மேஜ மேல கெடக்கு பாருங்க, நாலு பக்கம் தனியா இணைச்சிருக்கேன். எல கொட்டுது, வேர் தரையத் தூக்குது, காக்கா கூடு கட்டி ஒரு தடவ தச்ச சட்ட மேலயே... அதெல்லாம் எழுதியிருக்கேன். குடுத்தாலும் ஆவாதுங்குறான் அந்த கிளார்க்கு. காரணம்னு மூணே மூணுதான் செல்லுமாம். மரம் பட்டுப் போயிருக்கணும், இல்ல சாயுற நெலையில இருக்கணும், இல்ல அளவுல பெழ இருக்கணும். பட்டுப் போவல, டாக்டர் ஊத்துற தண்ணிக்கு அது தளதளன்னு நிக்குது. சாயல. மூணாவத நானே கோடு போட்டு அடிச்சுட்டேன். அளவுல பெழயாம்! அளந்தது யாரு? நான்!

நீங்களே சொல்லுங்க, என் பொண்ணு என்ன பண்றா தெரியுமா? போன மாசம் வந்தப்ப வாசல்ல போயி மரத்துகிட்ட கொஞ்ச நேரம் நின்னா. இந்த டேப்பு அவ கையில. திரும்பி வந்து, அப்பா, நீங்க இன்னொரு தடவ அளந்து பாருங்களேன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நான் புடிச்சுக் குடுத்த டேப்பு, எனக்கே அளவு சொல்லித் தர்றியான்னு கத்திட்டேன். அவ சரிப்பான்னு சொல்லிட்டு டேப்பச் சுருட்டி வெச்சுட்டுப் போயிட்டா. அதுல இருந்து தெனம் போன் பண்ணுறா. மத்த வீட்டுப் பொண்ணுங்க சாப்டீங்களாப்பான்னு கேப்பாங்க. இவ, அளந்தீங்களாப்பாங்குறா! சாப்டீங்களாவும் இல்ல, மாத்திர போட்டீங்களாவும் இல்ல. அளந்தீங்களா! நான் ஒடனே போன வெச்சுருவேன்.

சரி, கடைசியா இடுப்பு. கைய லேசாத் தூக்குங்க... முப்பத்தஞ்சர. என்ன சார், மறுபடியும்? முப்பத்திநாலுதான்னு அடிச்சுச் சொல்றீங்களே! சரி, நீங்க சொல்றது ஒடம்போட அளவு. நான் எழுதுறது துணியோட அளவு. இங்க பாருங்க, குனிஞ்சு பாருங்க. டேப்புக்கும் உங்களுக்கும் நடுவுல என் வெரல் இருக்கா? ரெண்டு வெரல். அதுக்குப் பேருதான் லூஸ். நீங்க உக்காருவீங்க, எந்திரிப்பீங்க, சாப்பிடுவீங்க, குனிஞ்சு ஷூ மாட்டுவீங்க. மூச்சு விட எடம் வேணாமா? அதுக்குத்தான் ரெண்டு வெரல். எங்க வாத்தியாரு மொத நாளே பிரம்பால அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. வெரல வெக்காம டேப்பப் போடாதேன்னு. இப்பல்லாம் நான் வெக்கிறதே இல்ல சார், அதுவா போயிரும். எத அளந்தாலும் சரி. தலகாணி ஒற அளந்தாலும் போயிரும், மெஷின் கவர் அளந்தாலும் போயிரும், எந்த வட்டத்த அளந்தாலும் இந்த ரெண்டு வெரலும் முந்திக்கிட்டுப் போயி...

...

சார்.

ஒரு நிமிஷம் சார்.

கையக் கீழ போடுங்க. போட்டுருங்க. என் கூடக் கொஞ்சம் வாசலுக்கு வாங்க... பரவால்ல, நான் குடுத்த ட்ரயல் பேன்ட்டுக்குப் பின் குத்தியிருக்கேன், அவுராது. வாங்க. இந்த முனையப் புடிங்க. நெஞ்சு ஒசரத்துல. உங்க நெஞ்சோ என் நெஞ்சோ, ஏதோ ஒரு நெஞ்சு. புடிங்க. நான் அந்தப் பக்கமா சுத்திட்டு வர்றேன்... ம். நாப்பது. நான் சொன்னேன்ல, நாப்ப...

பாத்தீங்களா? பாத்தீங்களா சார்? உள்ள இருக்கு. ரெண்டு வெரலும் உள்ள இருக்கு. இப்ப கூடப் போயிருச்சு, நான் வெக்கல சார், சத்தியமா நான் வெக்கல!

எடுத்துட்டேன். இழுத்துப் புடிங்க. என்ன காட்டுது? எனக்குக் கண்ணு கலங்கலாத் தெரியுது, நீங்க படிங்க. ...முப்பத்தெட்டரயா? நல்லாப் பாருங்க. ...முப்பத்தெட்டர.

அட கடவுளே. மரத்துக்கு லூஸ் வெச்சிருக்கேன்! இது என்ன உக்காந்து எந்திரிக்கவா போவுது? ஷூ மாட்டப் போவுதா?

சார், இத... இத யாருகிட்டயும் சொல்லிராதீங்க. நீங்க புதுசு, உங்களுக்கு இங்க யாரையும் தெரியாது. தெரியாதுல்ல? ஒண்ணர இஞ்ச்தான சார்... மரம் வளரும்ல? டாக்டர் ஒரு பக்கம் ஊத்துறாரு, நானும் இந்தப் பக்கம் ஒரு வாளி ஊத்துனா, ரெண்டு வருஷம், மூணு வருஷம்... அப்புறம் எவன் வந்து அளந்தாலும் நாப்பது காட்டும். மூணு வருஷம்தான்...

மூணு வருஷம்.

இல்ல.

என்ன பேசுறேன் நான்? வெக்கமா இருக்கு சார். ஒரு மரத்த நாப்பதாக்குறதுக்கு என் பொண்ண மூணு வருஷம் அனுப்பி வெப்பேனா?

அவளுக்குத் தெரியும் சார். அன்னிக்கே தெரியும். இந்த வெரல அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான! டேப்பப் போட்ட ஒடனே கண்டுபுடிச்சிருப்பா. தெனம் தெனம் அளந்தீங்களா, அளந்தீங்களான்னு... நான் போன வெச்சுட்டே இருந்தேன். உள்ள வாங்க. போன் எங்க... அந்த சாக்கட்டிக்குப் பக்கத்துல. குடுங்க. நில்லுங்க சார், போயிராதீங்க, உங்க பேன்ட் சட்டையெல்லாம் அந்த ஆணியில தொங்குது, எங்க போவீங்க?

ஹலோ... நான்தான்மா. இல்லல்ல, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ...ம். அளந்தேன்.

முப்பத்தெட்டர.

...சிரிக்காத. ...என்ன, அழுவுறியா, சிரிக்கிறியா? ரெண்டுல ஒண்ணு பண்ணு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. ...ஏன் அன்னிக்கே சொல்லல நீ? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? ...யாரு? ...ஆமா, அந்த டீச்சர் அளவு குடுக்க உக்காந்திருந்தாங்க. ...அவங்க முன்னாடி எனக்கு அவமானம்னா சொல்லல? ...ம். ...ம். ...இப்பவும் ஒருத்தர் இருக்காரு. புது கஸ்டமர். பரவால்ல, கேக்கட்டும். அவருதான் டேப்போட முனையப் புடிச்சாரு. ...திங்கக்கெழம எதுலயும் கையெழுத்துப் போடாத. கேக்குதா? பேனாவையே தொடாத. ...வெச்சுர்றேன். சாப்டியா? ...சரி.

சார், மணி என்ன? நாலு இருபதா? நடந்தா பத்து நிமிஷம். அந்தப் படிவத்தப் பாருங்க, மூணாவது காரணத்த அடிச்சிருக்கேன்ல, அதுக்கு மேல 'அடித்தது தவறு'ன்னு எழுதி என் கையெழுத்து. ஆங். டாக்டரோட நாலாவது மாடி... அது போவட்டும் விடுங்க, அது அவரு பாடு. ...நெஜமாவே போயிருமா? நெஜமாவா? ச்சே, இப்ப அத நெனச்சு சந்தோஷப்படுற நேரமா? கொஞ்சம் அப்புறமாப் பட்டுக்குறேன்.

நீங்க எழுதுங்க சார். உங்க கையெழுத்து அழகா இருக்கும், பாத்தாலே தெரியுது. சரியான சுத்தளவு, முப்பத்தெட்டர. சாட்சி, அங்க நீங்க உங்க பேரப் போட்டுருங்க. உங்க இடுப்பையும் திருத்திக்குறேன். முப்பத்திநாலுன்னா முப்பத்திநாலுதான், இனிமே உங்க பேச்சுக்கு மறு பேச்சு இல்ல... லூஸ் மட்டும் வெச்சுக்குறேன். அது வேணும்.

கடைசியா என்ன இருக்கு? படிங்க. 'முதலில் தவறாக அளந்தவர்'. என் பேர எழுதுங்க. அப்புறம்? ...'அவரது தொழில்'.

ஹூம்.

எழுதுங்க. தையல்காரர்னு எழுதுங்க. எவ்வளவு பெரிய கட்டமா விட்டிருக்கான் பாருங்க, பாவி... நீங்க சின்னதா எழுதுங்க சார்.